வலிக்கும் இடம் மாத்திரைக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். சிறுவயதிலிருந்தே கடலில் பாசி எடுக்கிறேன். மாதத்தில் பன்னிரண்டு நாள் போவோம். வள்ளத்தில் ஏறுவதற்கு முன் வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு ஒரு உடம்பு வலி மாத்திரை போட்டுக்கொள்வேன். முன்னாடியே போட்டால்தான் கேட்கிறது, வலி வந்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்பதில்லை. வள்ளத்தில் ஒதுங்க இடம் இல்லாததால் கரை திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. தோள்பட்டை, முழங்கால், விரல், தலைவலி எல்லாவற்றுக்கும் அதே மாத்திரைதான். எங்கே வலிக்கிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? போன வருஷத்திலிருந்து பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறேன். நர்சிங் படிக்கும் என் மகள், வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிறாள். என் அம்மா, வயிறு எரிந்தால் மோர் குடி, ஒன்றும் ஆகாது என்கிறார். யார் சொல்வது சரி? (மாத்திரை அட்டையின் படத்தை மகள் அனுப்பியிருக்கிறாள்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்: தெரியாது. வயிற்றைக் கடந்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிட்ட மாத்திரை, ரத்தம் போகிற இடமெல்லாம் போகிறது. வலிக்கிற தோளுக்குப் போகிற அதே மருந்து வலிக்காத தோளுக்கும், வயிற்றின் உட்சுவருக்கும், சிறுநீரகத்துக்கும் போகிறது. வலிக்கும் இடத்தைத் தேடிப்போய் வேலை செய்வதுபோல் நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், அது எந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுக்கிறதோ அந்தப் பொருள் அங்கேதான் அந்த நேரத்தில் அதிகமாக ஊறிக்கொண்டிருக்கிறது என்பதே. உங்கள் மகளின் கவலைக்கும் அம்மாவின் மோருக்கும் உரிய பதில் இந்த விடைக்குள்ளேயே இருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஒரு விரலிலிருந்து தொடங்குகிறேன். பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளும்போது, விரலில் சுற்றிய துணி விலகி, பாறையின் விளிம்பு ஆள்காட்டி விரலைக் கீறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் சுரீர் என்று ஒரு வலி எழுகிறது. அது நரம்பின் முனை உடனுக்குடன் அனுப்பும் செய்தி, கடையில் வாங்கும் மாத்திரை எதுவும் அதை நிறுத்திவிடாது. வேலை மும்முரத்தில் நீங்களே அதை மறந்தும் போகிறீர்கள். மாலையில் கரைக்கு வந்து, குளித்து, சோற்றைப் பிசையும்போதுதான் அந்த விரல் விண்விண் என்று தெறிக்கிறது. மற்ற விரல்களுக்கு உறைக்காத குழம்புச் சூடு அந்த ஒரு விரலுக்கு மட்டும் நெருப்பாக இருக்கிறது. படுக்கும்போது சேலை உரசினால்கூட வலிக்கிறது. கீறல் காலையில் பட்ட அதே கீறல்தான். இடையில் மாறியது அந்த இடத்து நரம்பு.

அறுபட்ட செல்களின் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற பொருள் பிரிந்து வருகிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி (மருத்துவர்கள் காக்ஸ் என்று சுருக்கிச் சொல்வோம்) அதைப் பற்றிக்கொண்டு, சில படிகளில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளாக மாற்றுகிறது. இந்தப் புரோஸ்டாகிளாண்டின் தானாக வலியை உண்டாக்குவது குறைவு. அங்குள்ள நரம்பு முனைகளைக் கூச்சம் மிக்கவையாக ஆக்குவதே அதன் முக்கிய வேலை. அதனால்தான் சாதாரண சூடும் சாதாரண உரசலும் வலியாக மூளைக்குப் போகின்றன. அந்த இடத்தின் ரத்தக் குழாய்களை விரித்து, சிவப்பையும் வீக்கத்தையும் கூட்டுவதும் அதுவே. நாள் முழுதும் நீந்தி, மூழ்கி, குனிந்து பறித்த உடம்பின் தோள் மூட்டிலும் முழங்காலிலும், வெளியே தெரியாமல் நடப்பது பெரும்பாலும் இதேதான்.

காக்ஸ் நொதியின் உள்ளே ஒரு குறுகலான குழல் இருக்கிறது. அராகிடோனிக் அமிலம் அதற்குள் நுழைந்தால்தான் மாற்றம் நடக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மருந்துகள் அந்தக் குழலுக்குள் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஆஸ்பிரின் 1899-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அதுவும் அதன் வகையைச் சேர்ந்த மருந்துகளும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டு சொன்னது 1971-ல்தான். எழுபது ஆண்டுகளுக்கு மேல், ஏன் கேட்கிறது என்று தெரியாமலேயே உலகம் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு 1982-ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆகவே, இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் தயங்க வேண்டிய அவசியமே இல்லை.

முன்னதாகப் போட்டால்தான் கேட்கிறது என்று நீங்கள் கவனித்திருப்பது முற்றிலும் சரி. இந்த மாத்திரை இனி உருவாகப்போகும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே உருவானதைத் துடைத்துவிடாது; ஏற்கெனவே கூச்சமடைந்துவிட்ட நரம்பு அடங்கவும் நேரம் பிடிக்கும். உங்கள் அனுபவ அறிவு சொன்னது மருந்தியலோடு பொருந்துகிறது. ஆனால் என் கவலையும் சரியாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வலிக்கு மிகவும் ஏற்ற நேரமாக நீங்கள் கண்டுபிடித்திருக்கும் அந்த விடிகாலை, உங்கள் சிறுநீரகத்துக்கு மிகவும் ஆகாத நேரமாக இருக்கிறது.

படத்தில் உள்ள அட்டையில் டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், பாரசிட்டமால் 325 மில்லிகிராம் என்று இருக்கிறது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள், இரண்டுக்கும் இயல்பு வேறு. அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போகிறதே, அது மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம். டைக்ளோஃபெனாக் அந்த வகையைச் சேர்ந்தது. உடம்பு வலி என்று சொன்னதும் இரண்டு மாத்திரையைக் கத்தரித்து நீட்டுகிற பழக்கம் நம் கரை நெடுகிலும் இருக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன், பல இடங்களில் நாங்களும் அதையே எழுதித் தருகிறோம்.

முதலில் வயிறு. வயிற்றில் சுரக்கும் அமிலம் வயிற்றையே அரித்துவிடாமல் இருக்க, அதன் உட்சுவரில் வழவழப்பான ஒரு படலம் ஓயாமல் பூசப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பூச்சு வேலையை நடத்துவதும் புரோஸ்டாகிளாண்டின்தான். தோளில் அதை நிறுத்துகிற மருந்து வயிற்றிலும் நிறுத்திவிடுகிறது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: இந்தப் புண் மாத்திரை பட்ட இடத்தில் மட்டும் உண்டாவதில்லை, ரத்தத்தின் வழியாகவும் வருகிறது, இதே மருந்தை இடுப்பில் ஊசியாகப் போட்டாலும் வயிறு புண்ணாகலாம். மோர் எரிச்சலைச் சற்று நேரம் தணிக்கும், புண்ணைத் தடுக்காது. சாப்பாட்டுக்குப் பின் போடுவதும் எரிச்சலைக் குறைக்குமே தவிர, ஆபத்தை முழுதாக நீக்கிவிடாது. மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, காப்பித்தூள் கரைசல்போல வாந்தி வந்தாலோ, உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மா முற்றிலும் தவறாகச் சொல்லிவிட்டார் என்றும் எண்ண வேண்டாம், மோருக்கு வேறொரு வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சிறுநீரகம். இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிறு வடிகட்டிக்கும் ரத்தம் நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல் உண்டு. நுழையும் வாசல் விரிந்தும் வெளியேறும் வாசல் சற்று இறுகியும் இருந்தால்தான் உள்ளே அழுத்தம் நின்று, கழிவு வடியும். உடம்பில் நீர் போதுமானபடி இருக்கும் நாளில் இதற்குப் பெரிய உதவி எதுவும் தேவையில்லை. நீர் வற்றும் நாளில் உடம்பு தன் ரத்தக் குழாய்களையெல்லாம் இறுக்கிக்கொள்ளும். அப்போது சிறுநீரகத்தின் நுழைவாசல் மட்டும் மூடிவிடாமல் விரித்துப் பிடிப்பது புரோஸ்டாகிளாண்டின். அந்த நாளில் டைக்ளோஃபெனாக் போட்டால், பிடித்திருந்த கையை நாமே தட்டிவிடுகிறோம். நீங்கள் சாப்பிடும் எனலாப்ரிலோ வெளியேறும் வாசலைத் தளர்த்தும் இயல்புடையது. அது நல்ல மருந்து, அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆனால் நுழைவாசல் இறுகி, வெளிவாசல் தளர்ந்து, குழாயில் நீரும் குறைந்திருந்தால் வடிகட்டிக்குள் அழுத்தம் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, டைக்ளோஃபெனாக் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தவும் செய்யும். எதைக் குறைக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறீர்களோ அதை இன்னொரு மாத்திரை கூட்டுகிறது.

உங்கள் வேலையில் நீர் எப்படி வற்றுகிறது என்பதையும் பாருங்கள். கரை திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்கிறீர்கள். வள்ளத்தில் வெயில். இதோடு பலரும் அறியாத இன்னொன்றும் சேர்கிறது: கழுத்தளவு நீரில் நிற்கும்போது, சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கால்களில் உள்ள ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுகிறது; ரத்தம் கூடிவிட்டது என்று உடம்பு தவறாகக் கணக்கிட்டுச் சிறுநீரை அதிகமாக வெளியேற்றுகிறது. கடலுக்குள் சுற்றிலும் நீர் இருக்க, உடம்புக்குள் நீர் குறைந்துகொண்டே போகிறது. நான்கைந்து மணி நேரம் கழித்துக் கரையேறும் உடம்பு, உப்பளத்தில் வெயிலில் நின்ற உடம்புக்கு அதிகம் வேறுபட்டதாக இராது.

உப்பளம் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் சித்திரை வெயிலில், உப்பு வாரும் வேலைக்குப் போய்வந்த ஒரு நடுவயதுக்காரர் காலில் வீக்கத்தோடு என்னிடம் வந்தார். குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். மறுநாள் அவர் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, கத்தரித்த அட்டைத் துண்டுகள் ஏழெட்டை மேசையில் கொட்டினார். வலி மாத்திரையை அவர் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அது அவருக்கு வெற்றிலை பாக்கு மாதிரி. நல்வேளையாக, நிறுத்தி நீர் கொடுத்துக் கவனித்ததில் சில வாரங்களில் தேறிவிட்டார். எல்லோருக்கும் அப்படித் தேறுவதில்லை. முதலில் நான் கேட்ட கேள்வியே பிழை. வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் மகள் சொல்வது சரி என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும்: வலி மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. அதே மாத்திரையில் உள்ள மற்றொன்றான பாரசிட்டமாலின் நடத்தை வேறு. அது தோளிலும் முழங்காலிலும் காக்ஸ் நொதியைப் பெரிதாகத் தடுப்பதில்லை, ஆகவே வீக்கத்தைக் குறைக்காது. வயிற்றுப் படலத்தையும் சிறுநீரக வாசலையும் சாதாரண அளவில் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதும் இல்லை. அதன் வேலை பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் நடக்கிறது. கல்லீரலில் சிறிதளவு மாற்றமடைந்து மூளைக்குப் போகும் ஒரு கூறு அங்குள்ள கொழுப்பு அமிலத்தோடு இணைந்து, வலிச் செய்தியைத் தணிக்கும் புதுப்பொருளாகிறது என்பது வரை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காய்ச்சலைத் தணிப்பது, மூளையின் வெப்பச் சீராக்கும் பகுதியில் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதால். முழுக் கதையும் இன்னும் துலங்கவில்லை. இத்தனைக்கும் அது 1950-களிலிருந்து கடைகளில் விற்கும் மருந்து.

பாரசிட்டமால் பாதுகாப்பானது என்று சொல்லும்போதெல்லாம் கல்லீரலை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். போட்ட மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாதபடி மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சை அடக்க குளூட்டாத்தயோன் என்ற ஒரு பொருள் கல்லீரலில் இருப்பில் உண்டு. அளவு மீறினால் இருப்பு தீர்ந்து, நஞ்சு கல்லீரலையே தின்னத் தொடங்கும். தினமும் குடிப்பவர்களுக்கும் பட்டினி கிடப்பவர்களுக்கும் இருப்பே குறைவு. இதில் கொடுமை என்னவென்றால், முதல் நாள் வெறும் குமட்டலோடு சும்மா இருப்பதுபோல் இருந்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கெடுதல் வெளியே தெரியும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம் என்பார்கள். நான் என்னிடம் வருகிறவர்களை 3 கிராமைத் தாண்ட விடுவதில்லை. சளி மாத்திரை பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கணக்குத் தவறுகிறவர்கள் அதிகம்.

உங்கள் தலைவலியைத் தனியாகப் பார்க்க வேண்டும். மூச்சை அடக்கி மறுபடியும் மறுபடியும் மூழ்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு ஏறித் தலை வலிக்கலாம். நீர் வற்றினாலும் வலிக்கும். கண்ணாடியின் வார் இறுகினாலும் வலிக்கும். இதற்கெல்லாம் மருந்து, இரண்டு முங்குகளுக்கு நடுவே கூடுதலாக ஓய்வெடுப்பதும் தண்ணீர் குடிப்பதுமே. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேலாக வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பாசிக்குப் போகும் பன்னிரண்டு நாளோடு, வீட்டில் இருக்கும் நாட்களில் தலைவலிக்குப் போடுவதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அதேபோல் திருக்கை முள் குத்தினால் மாத்திரையைத் தேடாதீர்கள். பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில், முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அந்தக் காலை வைத்திருப்பதே முதல் வைத்தியம், ஏனென்றால் அந்த விஷம் சூட்டில் சிதையும். முள் முறிந்து உள்ளே தங்கியிருந்தால் மருத்துவமனைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதை இனிச் சொல்கிறேன். இந்தக் கலப்பு மாத்திரையைக் கடலுக்குப் போகும் முன் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டதையும் எனலாப்ரில் சாப்பிடுவதையும் சொல்லி, ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி தாங்க முடியாத நாளில், ஏதாவது சாப்பிட்டுவிட்டு, தனிப் பாரசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் ஒன்று போடலாம். அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டைக்ளோஃபெனாக் அளவுக்கு அது கேட்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏமாற்றிவிட்டேன் என்பீர்கள். முழங்காலுக்கும் விரல் மூட்டுகளுக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லாகக் கிடைக்கிறது. தடவினால் ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் ஏறக்குறைய 6 விழுக்காடுதான், ஆகவே கிரியாட்டினின் முடிவைப் பார்த்துவிட்டு உங்களுக்கு அதை மருத்துவர் எழுதித் தர வாய்ப்பிருக்கிறது. இரவில், உப்பு போகக் கழுவித் துடைத்த தோலில், கீறல் இல்லாத இடத்தில் தடவ வேண்டும். தோள் மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே அது அவ்வளவாக எட்டாது; அதற்கு வெந்நீர் ஒத்தடமும், பிசியோதெரபி சொல்லித்தரும் பயிற்சியும் மேல்.

மோருக்கு வருகிறேன் என்றேன். விடியற்காலையில் வள்ளம் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக ஒரு செம்பு நீர்மோர் குடித்துவிட்டு, ஒதுங்கிவிட்டுக் கிளம்புங்கள். பிரஷர் இருப்பதால் உப்பு ஒரு சிட்டிகை போதும். வள்ளத்திலும் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். ஒதுங்க இடமில்லாத கஷ்டத்தை ஒரு பெண்ணாக நானும் அறிவேன். கூட வருகிற பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை வேறொரு கிராமத்துப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அடைமழைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தக் கசிவை அவை கூட்டும். பாரசிட்டமால் மட்டும் போதும். இதய நோய்க்காக மருத்துவர் ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களாக நிறுத்தாமல் அவரிடமே கேட்கட்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு கொண்டுபோங்கள். கடையில் கத்தரித்துத் தரும்போது பெயரும் காலாவதி நாளும் உள்ள ஓரம் பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடும். பெயர் தெரியாத துண்டுகளையும் விட்டுவிடாமல் எடுத்துச் செல்லுங்கள், மகளையும் உடன் அழைத்துப் போங்கள். கிரியாட்டினின் எண் கைக்கு வந்ததும் அதைக் குறித்து எனக்கு எழுதுங்கள். அதற்குள் சிறுநீர் குறைந்தாலோ, காலையில் எழும்போது முகமோ பாதமோ வீங்கியிருந்தாலோ, என் பதிலுக்காகக் காத்திருக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.